3080 மெமரி 110 டிகிரி, 3060 டிஐ-யில் தவறான ஷேர்: கரன்ட்டைக் குறைத்து மைனிங் ஓட்டுவது எப்படி?

இரவுக்காவல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வீட்டில் எத்தீரியம் கிளாசிக் என்ற கிரிப்டோ காயினுக்கு மைனிங் ஓட்டுகிறேன். கிராபிக்ஸ் கார்டுகள்: ஒரு ஆர்டிஎக்ஸ் 3080 (10 ஜிபி), இரண்டு 3060 டிஐ. மூன்றுமே பழையதாக வாங்கியவை. ஹாஷ் கட்டுப்பாடு (மைனிங் வேகத்தை என்விடியாவே மட்டுப்படுத்தியது) வருவதற்கு முன்பு வந்த ரகம். கார்டின் வேகத்தை மாற்ற விண்டோஸில் ஆஃப்டர்பர்னர் வைத்திருக்கிறேன். கல்லூரி இறுதியாண்டில் இருக்கிறேன். ரிக் (மைனிங் கணினி) இருப்பதும் நான் படிப்பதும் ஒரே அறையில்தான், அதனால் சூடும் சத்தமும் எனக்கு நேரடிப் பிரச்சினை.

இப்போதைய அமைப்பு: 3080-க்கு பவர் லிமிட் 90 சதவீதம், மெமரி +1000. டிஐ இரண்டுக்கும் பவர் லிமிட் 80 சதவீதம், மெமரி +1500. கோர் (கணக்குப் போடும் சிப்) வேகத்தைத் தொடவில்லை. ஃபேன் எல்லாம் ஆட்டோ.

3080 தொடங்கும்போது 96 மெகாஹாஷ் (வினாடிக்கு 9.6 கோடி முயற்சி) காட்டுகிறது. அரை மணி நேரத்துக்குள் 78-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. கோர் வெப்பம் 58 டிகிரிதான். ஆனால் வெப்பம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் மெமரி ஜங்ஷன் என்ற வரியில் 110 தெரிகிறது.

டிஐ இரண்டும் ஆளுக்கு 63 மெகாஹாஷ் காட்டுகின்றன. பூலில் (பலர் சேர்ந்து மைனிங் செய்யும் சர்வர்) பார்த்தால் அவ்வளவு வருவதில்லை, நான் அனுப்பும் விடைகளில் சில 'தவறான ஷேர்' என்று அவ்வப்போது சிவப்பில் வருகிறது.

மென்பொருள் கணக்கில் மூன்று கார்டும் சேர்ந்து 610 வாட். சுவரில் மாட்டிய மீட்டரோ 755 காட்டுகிறது. மீதி எங்கே போகிறது?

இணையத்தில் கிடைக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஹாஷ் பெரிதாக இறங்காமல் கரன்ட்டைக் குறைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்? இன்னொரு விவரம்: ஒரு டிஐ ரைசரில் (கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி வைக்கும் இணைப்பு) இருக்கிறது, அந்த ரைசருக்கு ஹார்டு டிஸ்குக்கான சாட்டா வயரிலிருந்து மின்சாரம் கொடுத்திருக்கிறேன்.

செம்புக்கம்பி

கடைசி வரியைப் படித்ததும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ரிக்கை அணைத்து அந்த சாட்டா வயரைக் கழற்றுங்கள்.

சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் வரைதான். மொத்தம் 54 வாட். ஒரு கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் வழியாக 12 வோல்ட்டில் மட்டும் 66 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. உங்கள் கார்டு அந்த அளவுக்கு இழுக்காமல் இருக்கலாம். ஆனால் நாள் முழுக்க, நீங்கள் தூங்கும்போதும் ஓடும் பொருளை 'இருக்கலாம்' என்று நம்பி விடக் கூடாது. அந்த பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கும், அதுதான் ரைசர் விபத்துகளில் வழக்கமாக நடப்பது.

6 பின் உள்ள ரைசர் வாங்கி, பவர் சப்ளையிலிருந்து வரும் பிசிஐஇ கேபிளை நேராக அதில் மாட்டுங்கள். சாட்டாவிலிருந்து 6 பின்னுக்கு மாற்றித் தரும் குட்டி வயர் பெட்டியோடு வரும், அதைத் தொடாதீர்கள்; பின் மாறினாலும் மூலம் அதே சாட்டாதான். இன்னொன்று: எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பவர் சப்ளையை அதன் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

வாட்கணக்கு

செம்புக்கம்பி சொன்னதைச் செய்த பிறகு இதைப் படியுங்கள் தம்பி.

உங்கள் மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். திரையில் தெரியும் மெகாஹாஷைப் பார்த்து ட்யூன் செய்கிறீர்கள். அந்த எண் உங்கள் கார்டு எத்தனை முறை முயன்றது என்று சொல்கிறதே தவிர, எத்தனை சரியாக வந்தது என்று சொல்வதில்லை. பூல் ஏற்றுக்கொண்ட ஷேர், சுவர் மீட்டரில் வாட். நான் இந்த இரண்டை மட்டும்தான் நம்புவேன்.

எத்தீரியம் கிளாசிக்கில் ஓடுவது எட்ச்ஹாஷ் என்ற கணக்கீட்டு முறை. அதில் ஒரு ஹாஷ் போடுவதற்கு டேக் என்ற பெரிய தரவுக் கோப்பிலிருந்து 128 பைட் வீதம் 64 தடவை படிக்க வேண்டும். ஆக ஒரு ஹாஷுக்கு 8,192 பைட். 3060 டிஐ-யின் மெமரி வினாடிக்கு 448 ஜிகாபைட் தரும். வகுத்துப் பார்த்தால் 54.7 மெகாஹாஷ், தொடாத கார்டு கோட்பாட்டளவில் கூட இதைத் தாண்ட முடியாது. மெமரியை +1200 ஏற்றினால் சுமார் 525 ஜிகாபைட் ஆகும், உச்சவரம்பு 64. நடைமுறையில் அதில் 94, 95 சதவீதம் கிடைக்கும். டிஐ வைத்திருப்பவர்கள் எல்லோரும் 60, 61 என்று சொல்வது இதனால்தான். 3080-க்கும் இதே கணக்கு: 760 ஜிகாபைட்டுக்கு 92.8.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ட்யூனிங் மேலிருந்த குழப்பம் போய்விட்டது. மெமரி எவ்வளவு தருகிறதோ அதுதான் ஹாஷ். கோரின் வேலை அந்தத் தரவுக்கு ஈடுகொடுப்பது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸும் உங்கள் அறைக்குள் வெப்பமாகக் கொட்டுகிறது. நீங்கள் கோரைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தொட வேண்டியதே அதைத்தான்.

சிப் எடுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்திலும் ஏறும். 1,900 மெகாஹெர்ட்ஸில் 1 வோல்ட்டை ஒட்டி ஓடும் கோரை 1,400-க்கு இறக்கி 0.75 வோல்ட்டில் நிறுத்தினால், 0.74 பெருக்கல் 0.56. கோர் எடுப்பது ஏறக்குறைய 41 சதவீதத்துக்கு வந்துவிடும். மெமரி எடுப்பது அப்படியே இருக்கும், அதனால் கார்டின் மொத்த வாட் அந்த அளவுக்கு இறங்காது. ஆனாலும் 200 வாட் கார்டான டிஐ 120 வாட்டில் அதே ஹாஷைத் தரும்.

பவர் லிமிட்டை மட்டும் குறைப்பது ஏன் போதாது என்று கேட்பீர்கள். லிமிட்டைக் குறைத்தால் கார்டு அந்த வரம்புக்குள் முடிந்த அளவு கோரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். வேகத்தைப் பூட்டினால் மின்னழுத்தமும் கீழே நிலையாக நின்றுவிடும். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்-உம் சேர்த்து அழுத்தினால் மின்னழுத்த வளைகோடு திறக்கும். 750 மில்லிவோல்ட்டுக்கு நேரே உள்ள புள்ளியை நீங்கள் விரும்பும் வேகத்துக்கு நகர்த்தி, எல் எழுத்தை அழுத்தி, அப்ளை கொடுங்கள். அந்தப் புள்ளியில் பூட்டிக்கொள்ளும். டிஐ-க்கு 1,400-ஐ ஒட்டியும் 3080-க்கு 1,150-ஐ ஒட்டியும் தொடங்குங்கள். பிறகு 50, 50 ஆகக் கீழே இறக்குங்கள். ஒரு இடத்தில் ஹாஷ் சட்டென்று விழும். அதற்கு ஒரு படி மேலே நில்லுங்கள். என் டிஐ நிற்கும் இடத்தில் உங்களுடையது நிற்காது, ஒரே பெட்டியில் வந்த இரண்டு கார்டே ஒத்துப்போகாது. இணையத்து எண்கள் ஒத்துவராததற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இன்னொரு குழப்பமும் உண்டு: மைனிங்குக்கான ஹைவ்ஓஎஸ்-ஸில் மெமரிக்குப் போடும் எண் விண்டோஸ் எண்ணைப் போல இரண்டு மடங்கு. அங்கே 2400 என்றால் உங்களுக்கு 1200. அந்த எண்ணை அப்படியே விண்டோஸில் போட்டுக் கார்டு தொங்கிப்போனது என்று வருகிறவர்கள் நிறைய.

இப்போது மெமரி. உங்கள் இரண்டு ரகக் கார்டும் வேறு வேறு விதமாகத் தோற்கும். டிஐ-யில் இருப்பது ஜிடிடிஆர்6. அளவுக்கு மீறி ஏற்றினால் பிட்டுகள் தவறாகப் படிக்கப்படும், ஹாஷ் எண் அழகாகவே இருக்கும், விடை மட்டும் தப்பாகும். அதுதான் நீங்கள் பார்க்கும் சிவப்பு வரி. +1500 உங்கள் கார்டுக்கு அதிகம். 1100-க்கு வந்து, ஒரு நாள் முழுக்கத் தவறான ஷேர் ஒன்றுகூட இல்லாமல் ஓடினால் மட்டும் 50 ஏற்றுங்கள்.

3080-இல் ஜிடிடிஆர்6எக்ஸ். அதில் பிழையைக் கண்டுபிடித்து அந்தத் தரவை மறுபடி அனுப்பும் ஏற்பாடு உள்ளது. பெரும்பாலும் தவறான ஷேர் வராது, கார்டும் சட்டென்று விழாது. மறுபடி மறுபடி அனுப்புவதில் ஹாஷ் ஓசையில்லாமல் குறையும். ஆகவே 3080-இல் மெமரியை ஏற்றிக்கொண்டே போய், ஹாஷ் ஏறாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து பின்வாங்க வேண்டும். ஆனால் உங்களுக்கு அதற்கு முன்னால் வெப்பம் இருக்கிறது. 110 டிகிரி தொட்டதும் மெமரியைக் காப்பாற்ற கார்டு தானாகவே வேகத்தைக் குறைக்கும். 96 ஏன் 78 ஆகிறது என்றால் இதுதான்.

ஃபேன் ஆட்டோவில் இருப்பது அதற்குத் துணைபோகிறது. ஆட்டோ ஃபேன் கோர் வெப்பத்தைப் பார்த்து ஓடுகிறது. கோர் 58-இல் இருப்பதால் நிம்மதியாகச் சுற்றுகிறது, பக்கத்தில் மெமரி வேகிறது. 75 அல்லது 80 சதவீதத்தில் நிலையாக வையுங்கள். கோரைப் பூட்டியதும் அதே ஹீட்சிங்கில் சுமை குறையும், மெமரியும் சேர்ந்து குளிரும். முதலில் மெமரியை +0-இல் வைத்து வெப்பம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், பிறகு 100, 100 ஆக ஏற்றுங்கள். 100 டிகிரிக்குக் கீழே வைத்திருப்பது என் கட்டாயம்.

வாட் கணக்கு எளிது. கார்டுகள் 610. மதர்போர்டு, சிபியு, ரைசர், ஃபேன் எல்லாம் ஐம்பது, அறுபது. சேர்த்தால் 665 போல. பவர் சப்ளை சுவரிலிருந்து எடுப்பதில் பத்து, பன்னிரண்டு சதவீதத்தை வெப்பமாகவே தின்றுவிடும். 665-ஐ 0.88-ஆல் வகுத்தால் 755. உங்கள் மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது. கரன்ட் பில்லும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

சூடுகாற்று

வாட்கணக்கு சொன்னதெல்லாம் செய்தும் 3080 மெமரி 100-க்குக் கீழே வராவிட்டால் தெர்மல் பேட் (மெமரி வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தை) போயிருக்கும். பழைய கார்டு என்கிறீர்கள், முன்பு எவ்வளவு காலம் மைனிங்கில் இருந்ததோ. பேட் காய்ந்து எண்ணெய் கசிந்திருந்தால் பிசுபிசுப்பு கார்டின் ஓரத்திலேயே தெரியும்.

மாற்றுவதில் கஷ்டமானது பேட்டின் தடிமன்தான். கார்டுக்குக் கார்டு, ஒரே கார்டில் இடத்துக்கு இடம் மாறும். மெமரி மேல் தேவையை விடத் தடிமனான பேட் வைத்தால் ஹீட்சிங்க் கோரின் மேல் சரியாக உட்காராது. மெமரி குளிர்ந்து கோர் கொதிக்கும். உங்கள் மாடலுக்கு என்ன தடிமன் என்று தெரியாமல் திறக்க வேண்டாம். திறந்தால் கோர் பேஸ்ட்டையும் புதிதாகப் போடுங்கள். 3080-இன் பத்து மெமரி சிப்பும் முன்பக்கத்தில்தான் உள்ளன. பின்தகட்டில் ஃபேன் வைத்தால் ஓரளவு உதவும், ஆனால் 3090-க்கு உதவும் அளவுக்கு இராது. அதற்குத்தான் பாதி மெமரி பின்புறம்.

அறை பற்றி யாரும் பேசவில்லை. ரிக் எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பம்தான், ஹாஷாக வெளியே போவதில்லை. 600 வாட் என்றால் ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறனில் ஆறில் ஒரு பங்கு இதற்கே போகும், அந்த ஏசி தன் பங்குக்கு 200 வாட் போலக் கூடுதலாக இழுக்கும். சன்னலில் வெளியே தள்ளும் ஃபேன் ஒன்றை வைத்து, ரிக்கின் சூடான பக்கம் அதை நோக்கி இருக்கும்படி திருப்புங்கள். எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும். கார்டுகளுக்கு இடையே கைவிரல்கள் புகும் இடைவெளி விடுங்கள். படிக்கும் அறையிலேயே வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை, முடிந்தால் நகர்த்துங்கள்.

இரவுக்காவல்

எல்லோருக்கும் நன்றி. சாட்டா வயரைக் கழற்றிவிட்டேன், 6 பின் ரைசர் போட்டாயிற்று. ரிக்கை நடைக்கு நகர்த்திவிட்டேன்.

இப்போதைய நிலை: 3080 கோர் 1,150-இல் பூட்டி, மெமரி +800, ஃபேன் 80. ஹாஷ் 94, 228 வாட், மெமரி 96 டிகிரி, இறங்காமல் நிற்கிறது. டிஐ ஒன்று 122 வாட், மற்றது 119, இரண்டும் 60. இரண்டாவது டிஐ மெமரியில் 1150-க்கு மேல் ஒத்துக்கொள்ளவில்லை, முதலாவது 1250 வரை போகிறது. சுவரில் 590.

வாட்கணக்கு அண்ணா, ஒரு சந்தேகம். பூலில் ஒரு மணி நேரம் 198 காட்டியது, அடுத்த மணி 226. என் பக்கம் 214 நிலையாக இருக்கிறது. இன்னும் ஏதாவது தப்பாக ஓடுகிறதா?

வாட்கணக்கு

நல்ல வேலை தம்பி. 755-லிருந்து 590, அதாவது நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் மிச்சம். அதுவும் பூலில் ஏறும் ஷேர் குறையாமல்.

பூல் எண் ஆடுவது இயல்பு. பூலுக்கு உங்கள் ஹாஷ் நேரடியாகத் தெரியாது. நீங்கள் அனுப்பும் ஷேர்களை எண்ணி ஊகிக்கிறது, ஷேர் கிடைப்பது தற்செயல். உங்கள் பூலில் ஷேர் கடினம் (ஒரு ஷேருக்குச் சராசரியாகத் தேவைப்படும் முயற்சி) 400 கோடி ஹாஷ் என்று வைத்துக்கொண்டால், 214 மெகாஹாஷுக்கு மணிக்கு 193 ஷேர் போல வரும். இப்படிப்பட்ட எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலத்தளவு இருக்கும்: 193-க்கு 14, அதாவது 7 சதவீதம். 198-உம் 226-உம் அந்த வீச்சில்தான் வருகின்றன. ஒரு நாளுக்கு 4,600 ஷேர் சேர்ந்தால் ஆட்டம் ஒன்றரை சதவீதத்துக்கு அடங்கும். அதனால் ஒரு மாற்றம் செய்தால் 24 மணி நேரச் சராசரியைப் பார்க்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு கார்டில். நோட்டில் எழுதி வையுங்கள்.

இந்த எண்கள் எட்ச்ஹாஷுக்கு மட்டும். எர்கோ காயினின் ஆட்டோலிகோஸ் முறையும் மெமரியை நம்புவதுதான், அங்கே இவற்றிலிருந்தே தொடங்கலாம். ரேவன்காயினின் காபாவ் முறை கோரையும் சேர்த்துப் பிழிந்தெடுக்கும். 1,150-இல் பூட்டிய 3080 அங்கே பரிதாபமாக ஓடும், பூட்டைத் தளர்த்தினால் வாட்டும் ஏறும். காயின் மாற்றினால் தனி ப்ரொஃபைல் போட்டுச் சேமியுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாராவது உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் மைனிங்கை விட்டு வெளியேறியதும் அங்கிருந்த கார்டுகளுக்கு அதே அளவு வருமானம் தரும் இடம் வேறு இல்லை. கிளாசிக்கில் 50 லட்சம் பிளாக்குக்கு ஒருமுறை வெகுமதி 20 சதவீதம் குறைகிறது, 2024-இல் 2.56 என்பது 2.048 ஆனது. உங்கள் ஹாஷை மொத்த நெட்வொர்க் ஹாஷால் வகுத்து, நாளுக்கு வரும் பிளாக்காலும் வெகுமதியாலும் பெருக்கினால் உங்கள் பங்கு வரும் (பிளாக் ஒன்று சுமார் 13 வினாடி, நாளுக்கு 6,600 போல). அதன் விலையை 14 யூனிட் கரன்ட்டின் விலையோடு வாரம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கரன்ட் விலை அதிகமானால் ரிக்கை அணைத்து வைப்பதுதான் சரியான ட்யூனிங், அதற்குத் தயங்காதீர்கள். வீட்டில் பில் கட்டுகிறவர் வேறு ஒருவர் என்றால் அந்தக் கணக்கை அவருக்கும் காட்டுங்கள்.

போலாரிஸ் 8ஜிபி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி வைத்திருக்கிறேன். 23 மெகாஹாஷுக்கு மேல் வரவில்லை. மெமரி வேகத்தை ஏற்றினாலும் பெரிதாக மாறவில்லை. மேலே சொன்ன கணக்குப்படி 256 ஜிகாபைட்டுக்கு 31 வர வேண்டுமே?

செம்புக்கம்பி

உங்கள் 580 போன்ற போலாரிஸ் ரக ஏஎம்டி கார்டுகளில் வேகத்தை விட மெமரி டைமிங்தான் (ஒவ்வொரு படிப்புக்கும் இடையே மெமரி காத்திருக்கும் நேரம்) தடை. அதிக வேகத்துக்குப் போகும்போது கார்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருள் தளர்வான டைமிங்கை எடுத்துக்கொள்ளும், நீங்கள் ஏற்றியது அங்கேயே கரைந்துவிடும். போலாரிஸ் பயாஸ் எடிட்டரில் கீழ்ப்படியில் உள்ள இறுக்கமான டைமிங்கை மேல் படிகளுக்கு நகலெடுத்து எழுதினால் 30 வரும். சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மெமரி தயாரிப்பாளரைப் பொறுத்து எந்த டைமிங் நிற்கும் என்பது மாறும், முதலில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

எழுதுவதற்கு முன் அசல் பயாஸை எடுத்து, அந்தக் கணினியில் இல்லாத வேறு ஓர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். கார்டில் இரட்டை பயாஸ் சுவிட்ச் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதில் கை வைக்கக் கூடாது. பிறகு கோரை 1,150-ஐ ஒட்டிக் கொண்டுவந்து மின்னழுத்தத்தைக் குறையுங்கள். மென்பொருள் காட்டும் வாட்டை மட்டும் நம்ப வேண்டாம்: இந்தத் தலைமுறை ஏஎம்டி கார்டுகள் சிப் எடுப்பதைத்தான் சொல்லும், போர்டின் மீதிப் பகுதி எடுப்பது அதில் வராது. சுவர் மீட்டர் வாங்கிய பிறகு தொடங்குங்கள்.